இரண்டாவது கவர்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் அக்காவைப் பற்றிப் பேசினால், நான் ஏதோ விவரமானவன் என்று நீங்கள் நினைத்துவிடும் ஆபத்து இருக்கிறது.

பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் ஆய்வு மாணவனாகச் சேர்ந்த முதல் நாள், எங்கள் குழு செய்வது ‘குவாண்டம் மாசு இயற்பியல்’ என்றார்கள். மாசு என்றால் எனக்குத் தெரிந்தது அழுக்குதான். வந்த அன்றே நல்ல பெயர் வாங்கிவிட வேண்டும் என்ற துடிப்பில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த விரல்நகம் அளவுச் சில்லைக் காட்டி, “இதை எதை வச்சுங்க தொடைக்கணும்?” என்று கேட்டேன். கையில் கைக்குட்டையும் தயாராக இருந்தது.

அங்கிருந்த ஐந்து பேரில் நான்கு பேர் சிரித்தார்கள். சிரிக்காதவர், பிறகு நான் அக்கா என்று கூப்பிட்ட மூத்த ஆய்வாளர்.

“தொடச்சுட்டா நமக்கு வேலையே இல்லப்பா” என்றார். பிறகு என் பேச்சை வைத்து, “எந்தூரு நீ?”

“கடத்தூர்ப் பக்கமுங்க.”

“நான் பென்னாகரம் தாண்டி.”

அவ்வளவுதான் அறிமுகம். அன்று மதியம் கேன்டீனில் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே எனக்குப் பாடம் எடுத்தார்.

“ஒரு கல்யாண வூடு. தன்னை ஒழுங்கா வரவேற்கலைன்னு ஒரு மாமா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு மூலையில உக்காந்திருக்காரு. என்னாகும்?”

“சமாதானப்படுத்தப் போவாங்க.”

“யாரு?”

“எல்லாரும்தான்.”

“ஒருத்தர் போறதப் பாத்து இன்னொருத்தர், அவரப் பாத்து நாலு பேரு. கடைசியில கல்யாணமே அந்த மூலைக்குச் சாஞ்சுடும். மாமாவும் அதே மாமாவா இருக்க மாட்டாரு. கூட்டத்தப் பாத்ததும் இன்னும் ஏறுவாரு, இல்ல, இறங்குவாரு. அந்த மாமாதான் மாசு. அவரத் தனியா கணக்குப் போட முடியாது. கூட்டத்தையும் தனியா போட முடியாது.”

“கம்ப்யூட்டர்ல போட்டா?”

“கூட்டம் பெருசாச்சுன்னா கம்ப்யூட்டருக்கே மூச்சு வாங்கும். அதான் கணக்குப் போடாம, கல்யாணத்தையே சின்னதா கட்டி வச்சு என்னா நடக்குதுன்னு பாக்கறோம்.”

நாங்கள் கட்டிய கல்யாணம் அந்தச் சில்லுக்குள் இருந்தது. ஆயிரக்கணக்கான நுண்ணிய மீக்கடத்திச் சந்திகளைச் சங்கிலி போலக் கோத்திருந்தார்கள். அது கூட்டம். சங்கிலியின் ஓரத்தில் மற்றவற்றோடு ஒட்டாத ஒரு சின்னச் சந்தி. அது மாமா. சில்லைக் கொடுங்குளிர்ப் பெட்டியில் இறக்கி, மைக்ரோவேவ் அலையை மெல்லத் தட்டி அனுப்பினால், மாமா எந்த அதிர்வெண்ணில் குமுறுகிறார் என்று தெரியும். கூட்டம் சூழ்ந்த பிறகு அந்த அதிர்வெண் எவ்வளவு மாறும் என்று காகிதத்தில் ஒரு கோட்பாடு சொல்லியிருந்தது. அது மெய்யா பொய்யா என்பதை எங்கள் அளவீடு சொல்ல வேண்டும். அந்த ஒரு பதிலை நம்பித்தான் அக்காவுக்கு வெளிநாட்டில் ஒரு வேலை காத்திருந்தது. கட்டுரை போனால் அவரும் போகலாம். என் ஆய்வேட்டின் பாதியும் அதே பதிலில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அக்கா எப்படிப்பட்டவர் என்றால், விடையைத் தன்னிடமிருந்தே ஒளித்து வைப்பவர். வேறெப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

அவர் வீட்டில் அப்பாவுக்கு ரத்த அழுத்தம். அளக்கும் கருவியின் திரையில் அக்கா ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டியிருப்பார். மூன்று முறை அளந்து முடித்த பிறகுதான் பிளாஸ்திரியை உரித்து, கருவியின் நினைவில் இருக்கும் மூன்று எண்களையும் ஒன்றாகப் பார்ப்பார். “முதல் நம்பர் தெரிஞ்சா அப்பாவுக்கு ரெண்டாவது ஏறுது. எனக்கு ரெண்டாவத நம்ப மனசு வர மாட்டேங்குது” என்பார். அப்பா பாவம், சட்டைக் கையை மடித்துக்கொண்டு, தேர்வு முடிவுக்குக் காத்திருப்பவர் போல உட்கார்ந்திருப்பார்.

ஒருமுறை அம்மாவின் மாங்காய் ஊறுகாயையும் அத்தையின் ஊறுகாயையும் ஒரே மாதிரிக் கிண்ணங்களில் போட்டு, எது யாருடையது என்று சொல்லாமல் வீட்டில் எல்லோரையும் ருசி பார்க்கச் சொல்லியிருக்கிறார். கிண்ணத்தை மாற்றி மாற்றி வைத்தது பக்கத்து வீட்டுக்காரம்மா, ஆகவே அக்காவுக்கும் தெரியாது. எல்லோரும் அத்தையின் ஊறுகாயைத் தேர்ந்தெடுத்தார்கள். அம்மா உட்பட. அந்த அம்மா ஒரு வாரம் மகளோடு பேசவில்லையாம்.

அவருக்கு மாப்பிள்ளை பார்த்த கதை இன்னும் மோசம். போட்டோவை உறையோடு மேசையில் வைத்துவிட்டு, பையனிடம் அரைமணி நேரம் போனில் பேசினார். ‘வேண்டாம்’ என்று ஒரு தாளில் எழுதி மடித்தார். அதற்குப் பிறகுதான் உறையைப் பிரித்தார். பையன் ஆள் நன்றாக இருந்தான். “ஐயோ, எழுதிட்டனே” என்று அக்கா வருத்தப்பட்டதாக அவரே சொல்லிச் சிரித்தார். ஆனால் தாளை மாற்றவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கொஞ்சம் பயமும் வந்தது. இந்த மனுஷி ஒருநாள் என்னைப் பற்றியும் ஒரு தாளில் எழுதி மடித்து வைப்பாரோ?

“உனக்கு எது வேணும்னு உனக்கே தெரிஞ்சுபோச்சுன்னா, அப்புறம் அளவுகோல நீ தொடக்கூடாது” என்பார். பேருந்தில் வேர்க்கடலைத் தோலை ஊதிக்கொண்டே சொல்வார். எனக்கு எது வேண்டும் என்பது எனக்கு எப்போதும் நன்றாகத் தெரியும். கடலை வேண்டும். சீக்கிரம் டாக்டர் பட்டம் வேண்டும்.

எங்கள் அளவீட்டிலும் அதையே செய்தார். ஒரு நிரல் எழுதினார். யாரோ ஓர் எண்ணைக் கொடுத்தால், பதிவாகும் அதிர்வெண்களையெல்லாம் அந்த அளவுக்கு நகர்த்தி வைத்துவிடும். அசல் எண்கள் பூட்டிய கோப்புக்குள். நகர்ந்த எண்களை வைத்துத்தான் நாங்கள் அலச வேண்டும். எதைச் சேர்ப்பது, எதை விடுவது எல்லாம் முடிவாகி, இனி ஒரு புள்ளியையும் மாற்றமாட்டோம் என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் அந்த ரகசிய எண்ணைக் கழித்துப் பார்க்கலாம். திறந்து பார்த்த பிறகு எதையும் தொடக்கூடாது.

ரகசிய எண்ணைக் கொடுத்தவர் அக்காவின் அம்மா. பட்டுப்புழு வளர்ப்பவர். அக்கா மடிக்கணினியை அவர் மடியில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். என்னையும் மல்பெரித் தோட்டத்துப் பக்கம் விரட்டிவிட்டார். அம்மா எண்ணைத் தட்டினார், தாளில் எழுதி கவரில் போட்டு ஒட்டினார். அதை எங்கே வைத்தார் தெரியுமா? புழு ஷெட்டின் தகரக் கூரை இடுக்கில். வங்கி லாக்கர்கூட அவ்வளவு பத்திரம் கிடையாது. பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் கால் நனைக்காமல் அந்த ஷெட்டுக்குள் கடவுளே வந்தாலும் விடமாட்டார் அந்த அம்மா. வெளியாள் ஒருவன் காலோடு நோயைக் கொண்டுவந்தால் ஷெட் முழுக்கப் புழு செத்துவிழும்.

இப்போது என் பெரிய முட்டாள்தனத்துக்கு வருகிறேன். தள்ளிப்போடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை.

சில்லை மூன்று முறை குளிர வைத்து, மூன்று ரன், அதாவது மூன்று சுற்று அளவீடு, எடுத்து முடித்திருந்தோம். ஒருநாள் பழைய பதிவுக் கோப்பு ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். நிலத்துக்குச் சர்வே கல் இருப்பதுபோல, சில்லின் மூலையிலும் ஒரு சின்னச் சுற்று உண்டு. அதன் அதிர்வெண் என்ன என்று வரைபடத்திலேயே எழுதியிருக்கும். ஒவ்வொரு ரன்னிலும் அதுவும் தானாகப் பதிவாகும். பதிவில் இருந்ததிலிருந்து வரைபடத்தில் இருந்ததைக் கழித்தேன். பதினேழு வந்தது. மூன்று ரன்னிலும் பதினேழு. ரகசியம் என் கையில்!

அங்கேயே கோப்பை மூடி, அக்காவிடம் போய், “அக்கா, உங்க பூட்டுல ஒரு ஓட்டை இருக்குது” என்று சொல்லியிருந்தால் நான் மனிதன். நான் என்ன செய்தேன்? எங்கள் முடிவிலிருந்து பதினேழைக் கழித்துப் பார்த்தேன். கோட்பாடு சொன்ன இடத்துக்கு ஆறு புள்ளி மேலே நின்றது. மூன்றாவது ரன் மற்ற இரண்டைவிட உயரமாக இருந்தது. அதை எடுத்துவிட்டுப் பார்த்தேன். அச்சாகக் கோட்பாட்டின் மேல் போய் உட்கார்ந்தது.

மூன்றாவது ரன்னின்போது ஒருதரம் கரண்ட் போய் வந்தது உண்மை. ஜெனரேட்டர் உடனே பிடித்துக்கொண்டது, ஒன்றும் ஆகவில்லை என்பதும் உண்மை. நான் முதல் உண்மையை மட்டும் நோட்டில் எழுதினேன்: ‘மின்தடை. மூன்றாவது ரன் நீக்கம்.’

அக்கா படித்தார். “பெட்டி சூடாச்சா?”

“லேசா அசைஞ்ச மாதிரி இருந்துச்சுக்கா.”

என்னை ஒரு நொடி பார்த்தார். “நீ பக்கத்துல இருந்த. நீ சொன்னா சரி” என்று கையெழுத்துப் போட்டார்.

அந்தக் கையெழுத்துக்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்கா சாதாரணமாகத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாலும் ஏதோ விசாரணைக்குக் கூப்பிடுவதுபோலத் திடுக்கிட்டேன். சனிக்கிழமை ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகத் தர்மபுரி வந்து, ஒகேனக்கல் போகிற கூட்டத்தோடு பென்னாகரம் பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம், கவரைத் திறக்க.

அம்மா ஷெட் வாசலிலேயே மறித்தார். “இன்னிக்கு ஆவாது கண்ணு. புழு கடைசித் தீனி தின்னுட்டிருக்குது. ஏணி போட்டா கூரைத் தூசி மொத்தமும் எலை மேல கொட்டும். கூடு கட்ட ஏத்தி வுட்டுர்றன், அப்புறம் எடுத்துக்குங்க.”

“எத்தன நாளும்மா?” என்றேன். என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது.

“மூணு நாளாவும். புழுவ அவசரப்படுத்த முடியுமா தம்பி?”

உள்ளே ஆயிரக்கணக்கான புழுக்கள் இலையைத் தின்னும் சத்தம் வெளியே வரை கேட்டது, தகரத்தில் தூறல் விழுவதுபோல. அக்கா அதைக் கேட்டுக்கொண்டு நிம்மதியாக நின்றார். எனக்கு அது என்னையே தின்பதுபோல இருந்தது.

கடத்தூருக்கு வந்து மூன்று நாள் கிடந்தேன். “என்னடா, பேயறைஞ்ச மாதிரி இருக்குற?” என்றார் அப்பா.

“புழு கூடு கட்டணும்ப்பா, அதுக்குத்தான் காத்திருக்கேன்.”

அப்பா அம்மாவைக் கூப்பிட்டார். “இங்க வா. பெங்களூருக்கு அனுப்பி வச்சமே, உம்பையன் அங்க என்னா படிக்கிறான்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது.”

நான்காம் நாள் போனேன். பயத்தில் வேர்த்துக் கொட்டியதால் பாடி ஸ்பிரேயைக் கழுத்துவரை அடித்துக்கொண்டு போயிருந்தேன். அம்மா பத்தடி தூரத்திலேயே மூக்கைப் பிடித்தார்.

“நில்லு, நில்லு! என்னாத்தடா பூசிக்கிட்டு வந்த? எம்புழு அத்தனையும் சுருண்டுரும்! போ, குழாயடிக்குப் போ!”

சோப்புப் போட்டுக் குளிக்க வைத்து, அக்காவுடைய அப்பாவின் வேட்டியையும் சட்டையையும் கொடுத்தார்கள். சட்டைக்குள் என்னைப்போல இன்னொருவனுக்கும் இடம் இருந்தது. அந்தக் கோலத்தில்தான் என் வாழ்க்கையின் மிக முக்கியமான அறிவியல் தருணத்தில் கலந்துகொண்டேன்.

அம்மா ஏணியில் ஏறிக் கவரை எடுத்துவந்தார். கூடு கட்டுவதற்கான மூங்கில் தட்டிகளில், சந்திரிகை என்பார்கள், புழுக்கள் தலையை ஆட்டி ஆட்டி வெள்ளை நூலால் தங்களைச் சுற்றிக்கொண்டிருந்தன. ஷெட்டுக்கு வெளியே ஒரு சிமென்ட் மூட்டையின் மேல் மடிக்கணினியை வைத்தோம். அக்கா கவரைக் கிழித்தார்.

இருபத்து மூன்று.

பதினேழு இல்லை. இருபத்து மூன்று.

அக்கா எண்ணைத் தட்டினார். திரையில் எங்கள் முடிவு கோட்பாட்டுக்கு ஆறு புள்ளி கீழே போய் நின்றது. பிழையளவுக்கெல்லாம் வெகுதூரம் வெளியே.

அக்கா துப்பட்டா முனையைச் சுருட்டிச் சுருட்டி விரலில் மாட்டிக்கொண்டார். பிறகு, “சரி. கோட்பாடு தப்புன்னு சொல்லுது. நமக்குப் புடிச்சாலும் புடிக்காட்டியும் இதான் பதில். இப்படியே எழுதிடலாம்” என்றார். எதிர்பார்க்காத ஒன்றைக் கண்டுபிடித்தவரின் குரல் அது. கண்ணில் ஒரு வெளிச்சம்கூட வந்துவிட்டது.

அந்த வெளிச்சத்தைப் பார்த்ததும்தான் எனக்கு உண்மையான பயம் வந்தது. என் மூளை, வேண்டாத நேரத்தில் மட்டும் வேலை செய்யும் மூளை, கணக்கைப் போட்டு முடித்துவிட்டது. மூன்றாவது ரன்னையும் சேர்த்திருந்தால் பதில் கச்சிதமாகக் கோட்பாட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும். நான் வாயை மூடிக்கொண்டால், அக்கா தன் பெயரைப் போட்டு, இல்லாத ஒன்றை உலகத்துக்குச் சொல்வார். அவருடைய வேலை, அவருடைய பெயர் எல்லாம் என் பொய்யின் மேல் ஏறி விமானத்தில் போகும். யாராவது ஒருநாள் திரும்ப அளந்து பார்ப்பார்கள்.

“அக்கா” என்றேன். “நான் முன்னாடியே பாத்துட்டேன்.”

“என்னத்த?”

“நம்பர. பதிவுக் கோப்புல, மூலைச் சுற்ற வச்சு. பதினேழுன்னு வந்துச்சு. அதுக்கு ஒத்து வர்ற மாதிரிதான் மூணாவது ரன்ன எடுத்தேன். கரண்ட் போனதுல ஒண்ணும் ஆவல.”

அக்கா பேசுவதற்குள் ஷெட் வாசலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. “பதினேழா? அது ரெண்டாவது கவரு ஆச்சே!”

“எந்த ரெண்டாவது?” என்றேன்.

“அன்னிக்கு ரெண்டு நம்பரு கேட்டுச்சே எம்பொண்ணு. எனக்கு என்னா தெரியும்? வந்த எலைக்கட்டு இருவத்து மூணு, அத ஒண்ணுல போட்டன். புழுத் தட்டு பதினேழு, அத இன்னொண்ணுல போட்டன். இன்னொரு கவரு மேலயே கெடக்குது, எடுத்தாரட்டா?”

ஆக, பதிவுக் கோப்பையும் அக்கா நகர்த்தி வைத்திருந்தார், வேறோர் எண்ணால். இரண்டாவது எண் இருப்பதை ஆராய்ச்சிக்கூடத்தில் ஒருவரிடமும் சொல்லவில்லை. நான் திருடியது அந்த அம்மாவின் புழுத் தட்டுக் கணக்கை!

நான் திட்டுக்குக் காத்திருந்தேன். ஓர் அறை விழுந்தாலும் பெரிய சட்டை தாங்கிக்கொள்ளும் என்று நினைத்தேன். அக்கா நோட்டை எடுத்தார். ‘ஒருவர் முன்பே பார்த்துவிட்டார். இந்தத் தரவு செல்லாது’ என்று எழுதித் தேதி போட்டார். யார் பார்த்தது என்று எழுதவில்லை. கீழே தன் கையெழுத்தைப் போட்டு, பேனாவை என்னிடம் நீட்டினார்.

“மூணாவத திரும்பச் சேத்துட்டா சரியா வருதேக்கா” என்றேன், கெஞ்சலாக. “உங்க வேலை என்னாவறது?”

“தெறந்தாச்சு. இனிமே எதச் சேத்தாலும், சேக்கணும்னு ஆசைப்பட்டுச் சேக்கறதுதான்” என்றார். “கையெழுத்துப் போடு.”

போட்டேன். அம்மா ஒன்றும் புரியாமல் இரண்டு பேருக்கும் கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் போட்டார். அக்கா சாப்பிட்டார். நான் களியை உருட்டிக்கொண்டே இருந்தேன்.

சில்லை மறுபடி குளிர வைத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து அளந்தோம். மாதக்கணக்கில் ஆனது. வெளிநாட்டு வேலை அதுவரை காத்திருக்கவில்லை, வேறு யாருக்கோ போய்விட்டது. அடுத்த பட்டு வளர்ப்பில் அம்மா புது எண்களைப் போட்டுக் கொடுத்தார். கவரைத் திறந்த அன்று பதில் கோட்பாட்டின் மேலேயே வந்து உட்கார்ந்தது. கூட்டம் சூழ்ந்ததும் மாமா எவ்வளவு மாறுவார் என்று சொல்லியிருந்தார்களோ, அவ்வளவே மாறியிருந்தார். அக்கா இரண்டு வருஷம் கழித்து வேறொரு நாட்டுக்குப் போனார். நான் பட்டம் வாங்கி, தர்மபுரியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். பாடி ஸ்பிரே போடுவதில்லை.

அந்தப் பென்னாகரத்து நாளைப் பற்றி அக்கா என்னிடம் ஒருமுறைகூடக் குத்திக்காட்டியதில்லை. அதுதான் எனக்கு முள். என் மேல் சந்தேகப்பட்டுத்தானே இரண்டாவது கவர் வைத்தார்? ‘நீ சொன்னா சரி’ என்று கையெழுத்துப் போட்டபோதே, இவன் எட்டிப் பார்க்கிறவன் என்று தெரிந்துதானே என்னை ஒரு நொடி பார்த்தார்? தப்புச் செய்தவன் நான். ஆனாலும் என்னை நம்பவில்லையே என்ற கோபத்தை இத்தனை வருஷமாக ரகசியமாக வளர்த்துவந்தேன், நல்ல தீனி போட்டு.

போன வாரம் கல்லூரி விட்டு வரும்போது, பென்னாகரம் பஸ்ஸின் ஜன்னலோரம் யாரோ கடலைத் தோலை ஊதிக்கொண்டிருந்தார்கள். பஸ் ஸ்டாண்டிலேயே நின்று செய்தி அனுப்பினேன்: “அக்கா, நல்லா இருக்கீங்களா? ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்த ரெண்டாவது கவரு எனக்கு வச்ச பொறிதானே?”

படித்துவிட்டார் என்று நீல டிக் விழுந்தது. தட்டச்சு செய்கிறார் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. என் பஸ் போய்விட்டது. பதில் வந்தது.

“உனக்கில்ல, எனக்கு.”